சந்திக்கக் கூடாத இரண்டு காற்றுகள்

டொரோண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவிலோ, அதற்கு வடக்கே மார்க்கமிலோ ஜனவரி மாதத்தில் ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் நடந்து பாருங்கள். வீடுகளின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் வாயிலிருந்து வெண்புகை போல ஏதோ சுருண்டு வரும். சில நிமிடங்கள் வரும், நிற்கும், மறுபடி வரும்.

அந்த வீட்டின் நிலவறையில் எரிவாயு எரிந்துகொண்டிருக்கிறது. அதன் சுவாலையின் சூடு 1,900 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடியது. அந்தத் தீயின் புகைதான் இந்தக் குழாய் வழியே வெளியேறுகிறது. குழாயோ பி.வி.சி. 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் பொருள். ஊரில் அடுப்பங்கரைப் புகைபோக்கியின் அருகே கை வைத்துப் பார்த்தவர்கள் யாரும் அங்கே பிளாஸ்டிக்கைப் பொருத்த நினைக்கவே மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு வீடு பொருத்தியிருக்கிறார்கள். குழாய் உருகாமல் இருப்பது எப்படி?

கனடாவுக்குப் புதிதாக வந்த பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேடிப் போனால், ஃபர்னஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த இரும்புப் பெட்டி எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகிறது, எப்போது ஆளைக் கொல்லும் என்பதெல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும்.

ஒரு பெட்டி, இரண்டு காற்றுகள்

ஃபர்னஸுக்குள் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. முதலாவதைத் தீக்காற்று என்று அழைப்போம். பக்கச் சுவரிலுள்ள இரண்டு குழாய்களில் ஒன்றின் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. எரிவாயுவோடு கலந்து எரிகிறது. எரிந்து முடிந்த கழிவு மற்றக் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. இந்தக் காற்று நம் மூக்குக்கு வரவே கூடாது.

இரண்டாவது வீட்டுக்காற்று. அறைகளில் உள்ள காற்றைச் சுவரிலோ தரையிலோ உள்ள பெரிய சல்லடை வாய்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. தகரக் குழாய்கள் வழியே அது நிலவறைக்கு இறங்கி, ஃபில்டரைக் கடந்து, ஃபர்னஸில் சூடேறி, வேறு தகரக் குழாய்கள் வழியே மறுபடி அறைகளுக்கே போய்ச் சேர்கிறது. இதைத் தள்ளுவது புளோயர் எனப்படும் பெரிய ஊதுவிசிறி.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர். அதற்கு வெப்பமாற்றி என்று பெயர். வளைந்து வளைந்து செல்லும் உலோகக் குழாய்களின் உட்புறத்தில் தீக்காற்று ஓடுகிறது, வெளிப்புறத்தை வீட்டுக்காற்று உரசிக்கொண்டு போகிறது. வெப்பம் மட்டும் சுவரைத் தாண்டுகிறது. காற்று தாண்டுவதில்லை. வீட்டுக்குள் தீ எரிந்தும் அறைகளில் புகை வராதது இதனால்தான்.

எரிவாயுவால் காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் மூலம் வீடெங்கும் அனுப்பும் யோசனைக்கு ஆலிஸ் பார்க்கர் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி 1919 டிசம்பரில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நிலக்கரியையும் விறகையும் சுமந்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய வரைபடத்தில் இருந்தபடியே இன்றைய ஃபர்னஸ்கள் இல்லை. ஆனால் குளிர்நாட்டு வீடு ஒன்றை எப்படிச் சூடாக்கலாம் என்று அவர் கண்ட வழி நூறாண்டு கடந்தும் நிற்கிறது. அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆவிக்குள் பதுங்கியிருக்கும் வெப்பம்

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர அளவில் ஒரு ஸ்கார்பரோ வீடு. வெளியே மைனஸ் 15 டிகிரி. ஃபர்னஸ் மணிக்கு 60,000 பி.டி.யூ. எரிக்கும் ரகம். கடைக்காரர்கள் இந்த அளவையில்தான் பேசுவார்கள். நமக்குப் பழகிய கணக்கில் இது ஏறத்தாழ பதினேழரைக் கிலோவாட்.

ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 38 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஆகவே நம் ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு ஒன்றேமுக்கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு செலவாகும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதிலுள்ள ஹைட்ரஜன், எரியும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிறக்கும். மணிக்கு இரண்டரை லிட்டர். தீயிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் ஃபர்னஸின் காலடியில் உள்ள மெல்லிய வடிகுழாயில் சொட்டிக்கொண்டிருப்பது அதுவேதான்.

இந்தத் தண்ணீர் பிறக்கும்போது ஆவியாகத்தான் பிறக்கிறது. பழைய ஃபர்னஸ்களில் அந்த ஆவி, மற்றக் கழிவுகளோடு சேர்ந்து நூற்றைம்பது, இருநூறு டிகிரிச் சூட்டில் உலோகப் புகைபோக்கி வழியே கூரைக்கு மேல் போய்விடும். கூடவே ஒரு பெரும் சொத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் சுள்ளென்று தோல் பொத்துவிடுகிறது. அதே 100 டிகிரிச் சூடுள்ள உலர்ந்த காற்று ஒரு கணம் பட்டால் அவ்வளவு பொத்தாது. காரணம், ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும் நொடியில், தன்னை ஆவியாக்கிய வெப்பம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். இட்லி வேகுவதும் பெரும்பாலும் இந்த வெப்பத்தால்தான்.

ஃபர்னஸின் ஆவியிலும் இதே வெப்பம் இருக்கிறது. எவ்வளவு? ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குரிய ஆவி மறுபடி நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம் 3.7 மெகாஜூல் வரும். வாயுவிலிருந்து கிடைத்த 38 மெகாஜூலில் இது பத்தில் ஒரு பங்கு. பழைய புகைபோக்கி ஒவ்வொரு நூறு டாலரிலும் பத்து டாலரை ஆவியாகவே வெளியே விட்டது. புகையின் சூடாகப் போனது தனிக் கணக்கு.

இதைப் பிடிக்க வேண்டுமானால் ஆவியைத் தண்ணீராக்க வேண்டும். புகையை 55 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால்தான் அது நடக்கும். எனவே புதிய ஃபர்னஸ்களில் முதல் வெப்பமாற்றிக்கு அடுத்ததாக இரண்டாவது ஒன்றும் வைத்தார்கள். அறைகளிலிருந்து திரும்பி வரும் 20 டிகிரிக் காற்று முதலில் இதைத்தான் தொடும். அந்தக் குளிர்ச்சியில் புகையிலுள்ள ஆவி நீராகி, வெப்பத்தை வீட்டுக்காற்றிடம் கொடுத்துவிட்டு வடிகிறது. எஞ்சிய புகை ஃபர்னஸை விட்டு வெளியேறும்போது அதன் சூடு நாற்பது, ஐம்பது டிகிரிதான்.

பிளாஸ்டிக் உருகாததன் காரணம் இப்போது தெளிவு. உருக்குவதற்கு வேண்டிய சூடு அந்தப் புகையில் மிச்சமில்லை. உலோகக் குழாய் போட்டிருந்தால்தான் ஆபத்து. வடியும் தண்ணீரில் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரைந்திருப்பதால் அது புளிப்பானது, சாதாரணத் தகரத்தை அரித்துவிடும். ஆனால் கழிப்பறைக்குப் போடும் எந்தக் குழாயையும் இங்கே போட்டுவிட முடியாது. கனடாவில் எஸ்-636 என்ற தர முத்திரை உள்ள குழாய்க்கு மட்டுமே அனுமதி.

சுவரின் வெளியே நாம் பார்க்கும் வெண்மை, தப்பிப்போன கொஞ்ச ஆவி குளிர்காற்றில் நுண்துளிகளாகும் காட்சி. கனடிய அரசு 2009 இறுதியில் புதிய வீட்டு ஃபர்னஸ்களுக்கு 90 சதவீதத் திறனைக் கட்டாயமாக்கியது. 2019 ஜூலையில் அதை 95 ஆக உயர்த்தியது. உள்ளுறை வெப்பத்தைப் பிடிக்காமல் இந்த எண்ணை எட்டவே முடியாது. அதனால்தான் தெருவெங்கும் வெள்ளைக் குழாய்கள்.

தீ பற்றுவதற்கு முன்

தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவிட்டு நின்று கேளுங்கள். உடனே சூடான காற்று வராது. கீழே ஒரு சிறு ‘டிக்’. பிறகு மெல்லிய ரீங்காரம். கொஞ்ச நேரம் கழித்து ‘புஸ்’ என்று தீ பற்றும். இன்னும் அரை நிமிடம் போன பிறகே அறையில் காற்று வீசும். இவ்வளவு நேரமும் ஃபர்னஸ் வீணாக நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சாட்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தெர்மோஸ்டாட் அனுப்புவது 24 வோல்ட் சைகை மட்டுமே. அது வந்ததும் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகை, புகையை இழுத்து வெளியேற்றும் சிறிய உறிஞ்சுவிசிறியை ஓட்டுகிறது. ரீங்காரம் அதுதான். முன்பு ஏதேனும் வாயு தங்கியிருந்தால் இப்போது வெளியேறிவிடும். விசிறி சுற்றினால் போதாது, புகைவழி உண்மையாகவே திறந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். காற்று இழுபடும்போது உண்டாகும் மெல்லிய அழுத்தக் குறைவை ஒரு ரப்பர்த் தோல் உணர்ந்து ஸ்விட்ச்சை மூடும். இதுதான் அழுத்த ஸ்விட்ச். வெளிக்குழாயைப் பனி மூடியிருந்தாலோ, வடிகுழாய் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தாலோ இந்த ஸ்விட்ச் மூடாது. வாயு திறக்காது.

அழுத்தம் சரியென்றால் இக்னைட்டர் என்ற சிறு பீங்கான் துண்டு மின்சாரத்தில் ஆரஞ்சு நிறமாகப் பழுக்கும். பழைய நாட்களில் இரவும் பகலும் அணையாமல் எரிந்த பைலட் சுடருக்கு இது மாற்று. அது பழுத்த பிறகே வாயு வால்வு திறக்கும். முதல் பர்னரில் பற்றிய தீ அடுத்தடுத்த பர்னர்களுக்குத் தாவும்.

தீக்கும் மின்சாரம் பாயும்

வால்வு திறந்தாயிற்று. தீ உண்மையாகவே பற்றியதா? பற்றாமல் வாயு மட்டும் வந்துகொண்டிருந்தால் அது வெடிகுண்டு. இதைக் கண்டுபிடிக்க அந்தப் பெட்டிக்குள் இருப்பது பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகக் கம்பி. தீயுணரி என்று சொல்லலாம். கம்பியின் நுனி சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

கம்பி சூட்டை அளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது மின்சாரத்தை. சுவாலைக்குள் மூலக்கூறுகள் உடைந்து, மின்னேற்றம் கொண்ட அயனிகளும் எலக்ட்ரான்களும் மிதக்கின்றன. அதனால் தீ கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். பலகை கம்பிக்கு மாறுமின்னழுத்தம் கொடுக்கிறது. மின்சாரம் சுவாலை வழியே பர்னரின் உலோகத்துக்குப் பாய்கிறது. பர்னரின் பரப்பு பெரிது, கம்பியின் பரப்பு சிறிது. எலக்ட்ரான்கள் வேகமாக ஓடும், அயனிகள் கனத்தவை, மெதுவாக நகரும். இந்த இரண்டு காரணங்களால் ஒரு திசையில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது, எதிர்த்திசையில் பாய்வதே இல்லை என்று சொல்லலாம். மாறுமின்சாரமாகப் போனது ஒருதிசை மின்சாரமாகத் திரும்புகிறது. அளவு ஒரு சில மைக்ரோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு.

இதில் என்னை வியக்க வைப்பது இதன் நேர்மை. ஒயர் எங்காவது உரசி ஷார்ட்டானால் இரு திசையிலும் மின்சாரம் ஓடும், பலகை அதை நம்பாது. அந்தப் பெட்டிக்குள் ஒரு திசையில் மட்டும் ஓட வைக்கத் தீயால்தான் முடியும். தீ இல்லாமல் இந்தச் சாட்சி தற்செயலாக உருவாகிவிடாது. சில நொடிகளுக்குள் சாட்சி வராவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். மறுபடி முயலும். சில முறை தோற்றால் ஃபர்னஸ் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்.

நடு இரவில் ஃபர்னஸ் நிற்கும்போது அடிக்கடிக் காரணமாக இருப்பதும் இந்தக் கம்பிதான். தீ பற்றும், நாலைந்து நொடி எரியும், அணையும். மறுபடி பற்றும், அணையும். காற்றில் வரும் தூசியிலுள்ள மணற்சத்து தீயில் வெந்து, கம்பியின் மேல் கண்ணாடிபோல மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். தீ எரிந்துகொண்டிருக்கும்போதே பலகை தீ இல்லை என்று முடிவுகட்டும். டெக்னீஷியன் வந்து கம்பியைக் கழற்றி மென்மையான எஃகு நாரால் துடைத்து மாட்டினால் சரியாகிவிடும். ஆண்டுதோறும் செய்யும் சர்வீஸில் இந்தத் துடைப்பு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

டெக்னீஷியனைக் கூப்பிடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. ஃபர்னஸின் அருகில், விளக்கு ஸ்விட்ச்சைப் போலவே ஒன்று இருக்கும். விளக்கென்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். ஃபர்னஸின் கதவு சரியாக மூடாவிட்டாலும் உள்ளே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மூன்றாவது, கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே தெரியும் விளக்கு. அது எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்ற பட்டியல் பெரும்பாலும் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். அந்த எண்ணைத் தொலைபேசியில் சொன்னாலே வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஃபில்டரின் கணக்கு

நம் 60,000 பி.டி.யூ. வீட்டுக்குத் திரும்புவோம். பதினேழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வீட்டுக்காற்றில் ஏற வேண்டும். 20 டிகிரியில் உள்ளே வரும் காற்று 48 டிகிரியில் வெளியே போகிறது, அதாவது 28 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மணிக்குச் சுமார் 1,800 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். வீட்டின் மொத்தக் கொள்ளளவு 360 கன மீட்டர் என்றால், ஃபர்னஸ் ஓடும் ஒரு மணி நேரத்தில் வீட்டிலுள்ள காற்றெல்லாம் ஐந்து முறை ஃபில்டரைக் கடக்கிறது. அதனால்தான் ஃபில்டர் அவ்வளவு சீக்கிரம் சாம்பல் நிறமாகிறது.

இப்போது ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்றோட்டம் பாதியாகிவிட்டது என்று கொள்ளுங்கள். தீக்கு இது தெரியாது. அது அதே அளவு வெப்பத்தைத்தான் கொடுக்கும். பாதிக் காற்று முழு வெப்பத்தைச் சுமந்தால் ஏற்றம் இரண்டு மடங்காகும். 28 டிகிரி இடத்தில் 56 டிகிரி. வெளியேறும் காற்று 76 டிகிரி. உலோகச் சுவர் அதைவிடப் பல மடங்கு கொதிக்கும். அப்போது வரம்பு ஸ்விட்ச் என்ற காவல் தலையிட்டுத் தீயை அணைக்கும். புளோயர் ஓடி, சூடு தணிந்த பிறகு மறுபடி எரிய விடும். மறுபடி கொதிக்கும், மறுபடி அணையும். வீடு சூடாகாது, பில் மட்டும் ஏறும். வெப்பமாற்றி விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, கடைசியில் எங்கோ ஒரு வளைவில் விரிசல் விடும். பத்து, இருபது டாலர் ஃபில்டரை மாற்றாததற்குக் கொடுக்கும் விலை இது.

ஆகவே குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை ஃபில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். ஓர் அங்குலத் தடிமன் உள்ளதை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். நம் வீடுகளில் மீன் பொரிப்பதும், கடுகு தாளிப்பதும், ஊதுபத்தி ஏற்றுவதும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஃபில்டரில் தூசி இரட்டிப்பாக ஒட்டும். எனவே பெட்டியின் மேல் அச்சிட்ட காலக்கெடுவை நம்பாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே சரி. மாற்றும் முன் ஸ்விட்ச்சை அணைத்துவிட வேண்டும். ஃபில்டரின் விளிம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது புளோயரை நோக்கியிருக்க வேண்டும். மெர்வ் என்ற எண் கூடக் கூட நுண்தூசி பிடிபடும், ஆனால் காற்றும் தடைப்படும். பெரும்பாலான வீடுகளுக்கு 8 முதல் 11 வரை போதும். 13 போட விரும்பினால் ஃபர்னஸ் அதைத் தாங்குமா என்று டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

யாரும் படுக்காத அறையின் காற்றுவாயை மூடினால் செலவு மிச்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த வகை ஃபர்னஸில் அது மிச்சமாகாது. அறைவாயை மூடினாலும் தீ குறைவதில்லை, காற்றோட்டம்தான் குறைகிறது. ஒன்றிரண்டை மூடினால் பாதகமில்லை. வரிசையாக மூடினால் அடைத்த ஃபில்டரின் கதைதான். காற்றை உறிஞ்சும் வாய்க்கு முன்னால் சோபாவைப் போடுவதும் அதே தப்பு.

தெர்மோஸ்டாட்டும் வறண்ட காற்றும்

வெளியிலிருந்து நடுங்கியபடி வந்ததும் தெர்மோஸ்டாட்டை 28-க்கு ஏற்றுகிறோம். சீக்கிரம் சூடாகும் என்று நம்பிக்கை. ஒரே அளவில் எரியும் ஃபர்னஸில் 22 கேட்டாலும் 28 கேட்டாலும் தீ ஒன்றுதான். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. 28-ல் வைத்தால் வீடு 22-ஐ எட்ட அதே நேரம்தான் ஆகும், பிறகு யாரும் கேட்காத 28 வரை போய் நிற்கும்.

ஹீட்டர் காற்றின் ஈரத்தை எரித்துவிடுகிறது என்பதும் அடிக்கடிக் காதில் விழுவது. வீட்டுக்காற்று தீயைத் தொடுவதே இல்லை என்று பார்த்தோம், பின் எப்படி எரியும்? உண்மைக் காரணம் வெளியே இருக்கிறது. மைனஸ் 15 டிகிரிக் காற்றால் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரைக் கிராம் அளவு நீராவியைத்தான் தாங்க முடியும். 21 டிகிரிக் காற்று பதினெட்டுக் கிராம் தாங்கும். இடுக்குகள் வழியே வீட்டுக்குள் வந்த குளிர்காற்று சூடானதும் அதன் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உதடு வெடிப்பதும், கதவுக் கைப்பிடியில் ‘ஷாக்’ அடிப்பதும் அதனால்தான். ஈரமூட்டியை வைத்து 30 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் கடுங்குளிர் நாட்களில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சுவரின் வெளியே, நிலவறையின் உள்ளே

பெரும் பனிப்பொழிவு நின்றதும் வாசற்படியைச் செதுக்கும் கையோடு, பக்கச் சுவருக்கும் ஒருமுறை போக வேண்டும். இரண்டு வெள்ளைக் குழாய்களின் வாயைச் சுற்றியும் பனியை விலக்கிவிட வேண்டும். தொங்கும் பனிக்கூர்களைத் தட்டிவிட வேண்டும். கோடையில் அங்கே செடி வளர்ந்து மூடாமலும் பார்க்க வேண்டும்.

நிலவறையில் ஃபர்னஸ் இருக்கும் சிறு அறை பல வீடுகளில் சாமான் அறையாகிவிடுகிறது. பழைய பெட்டிகள், பெயின்ட் டப்பா, தின்னர், துணி வெளுக்கும் திரவம் எல்லாம் அங்கே சேர்கின்றன. தின்னரும் பெட்ரோலும் தீப்பிடிக்கும் என்பது தெரிந்ததே. வெளுக்கும் திரவத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அதிலிருந்து கசியும் குளோரின் ஆவி, எரியும் காற்றோடு கலந்தால் அமிலமாகி வெப்பமாற்றியை அரித்துவிடும். ஃபர்னஸைச் சுற்றி ஒரு பொருளும் இருக்கக் கூடாது. நிலவறையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் குடியிருப்பவரிடம் இதை உட்கார்ந்து பேச வேண்டும். ஃபில்டர் மாற்றுவது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது.

சுவர் விரிசல் விட்டால்

இரண்டு காற்றுகளும் சந்திக்கக் கூடாது என்று முதலில் சொன்னோம். சந்தித்தால் என்ன? தீயின் கழிவு அறைகளுக்கே வந்துவிடும்.

எரிவாயு நன்றாக எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும் மிஞ்சும், சுவாலை நீலமாக இருக்கும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வந்துகொண்டே இருக்கும், உடலுக்கு ஆக்சிஜன் மட்டும் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று சளிக்காய்ச்சல்போலத் தொடங்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் தெளிந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஊரில் காற்றோட்டமில்லாத குளியலறைகளில் காஸ் கீசரால் நேரும் மரணங்களுக்கும் இதே வாயுதான் காரணம்.

வாயு கசிந்தால் நாற்றம் வருமே என்று நினைக்கலாம். அந்த நாற்றம் எரியாத வாயுவில் சேர்க்கப்படுவது. 1937 மார்ச்சில் டெக்சஸின் நியூ லண்டன் ஊரில் மணமில்லாத இயற்கை வாயு பள்ளிக்கூடத்தின் அடியில் சேர்ந்து வெடித்ததில் ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகே வாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது. நம் சமையல் சிலிண்டரிலும் அதே இனத்து நாற்றம்தான். அந்த நாற்றம் வந்தால் விளக்கைப் போடாமல், தொலைபேசியைக்கூடத் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அழைக்க வேண்டும். ஆனால் எரிந்த பிறகு உண்டாகும் கார்பன் மோனாக்சைடில் இந்த நாற்றம் இல்லை. மூக்கு இங்கே உதவாது.

2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக்கில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைத்து, ஒரே குடும்பத்தில் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக நான்கு பேர் இறந்தார்கள். வீட்டில் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரையே தாங்கி, ஹாக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் 2013-ல் நிறைவேறியது. எரிபொருள் எரியும் கருவியுள்ள வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் ஒன்டாரியோவில் கட்டாயம்.

மின்சாரம் போனால் புளோயர் ஓடாது, ஃபர்னஸும் எரியாது. 2013 கிறிஸ்துமஸை ஒட்டி வந்த பனிக்கட்டி மழையில் டொரோண்டோவில் பல்லாயிரம் வீடுகள் நாட்கணக்கில் அப்படி உறைந்தன. அந்த வேளையில், இதே கார்பன் மோனாக்சைடைக் கக்கும் பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவருவது உயிருக்கே உலை. குளிர் தாங்கவில்லையென்றால் உறவினர் வீட்டுக்கோ நகராட்சி திறக்கும் வெப்ப மையத்துக்கோ போய்விடுவதே வழி.

வருடத்துக்கு ஒரு நாள்

வெப்பமாற்றியில் விரிசல் இருக்கிறதா, புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, வாயு அழுத்தம் சரியா என்பவற்றை வீட்டுக்காரர் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவியைத் தொட உரிமம் வேண்டும். டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனமா என்று கேட்டு, உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். தெரிந்தவர், நம்மவர், மலிவாகச் செய்வார் என்பதெல்லாம் எரிவாயு விஷயத்தில் போதாது. செப்டம்பரில் கூப்பிட்டால் நிதானமாக வந்து பார்ப்பார்கள். முதல் கடுங்குளிர் இரவில் கூப்பிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அலாரம் அடித்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருக்காமல், எல்லோரும் வெளியேறி 911-ஐ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து ஆண்டுகளில் உள்ளேயிருக்கும் உணரி செயலிழந்துவிடும். பட்டனை அழுத்தினால் சத்தம் வரும், வாயுவை மட்டும் உணராது. இன்று இரவு படுக்கும் முன் உங்கள் வீட்டு அலாரத்தைக் கழற்றி, பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். கடந்திருந்தால் நாளையே புதிது வாங்கி மாட்டுங்கள்.